லாரியின் முதுகில் ஓர் எண்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகப் பலகை இருக்கிறது. சிவப்பு வட்டம், நடுவில் 30. அதைத் தாங்கிய கம்பத்தை ஒரு நாள் பின்னால் எடுத்த லாரி ஒன்று இடித்துவிட்டது. கம்பம் விழவில்லை, திரும்பிக்கொண்டது. அதன் பிறகு பல மாதங்கள் அந்த 30, சாலையைப் பார்க்காமல் எதிரே இருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டைப் பார்த்தபடி நின்றது.

நான் அங்கே ஆசிரியை. காலை ஏழு மணிக்கு முன்பே அந்தக் கம்பத்தைக் கடந்துதான் பள்ளிக்குள் நுழைகிறேன். பலகை திரும்பியிருப்பதை முதல் நாளே பார்த்தேன். யாராவது வந்து சரிசெய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எங்களுக்கு அந்தப் பலகை தேவைப்படவில்லை. அங்கே பள்ளி இருக்கிறது, பிள்ளைகள் சாலையைக் கடப்பார்கள் என்பது இந்தச் சாலையில் போகிற எல்லோருக்கும் மனப்பாடம். செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரிக்காரர் முதல் மோட்டார் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரர் வரை அனைவரும் அந்த வளைவில் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள்.

பலகையை மட்டுமே நம்பி ஓடுகிற ஒன்று இந்தச் சாலைக்கு வரும் என்று நாங்கள் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை அது வந்தது. என் தம்பியின் புதிய மின்சாரக் கார்.

மணி ஏழேகால் இருக்கும். நான் வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். தம்பி ஓட்டினான், பக்கத்தில் அப்பா. கார் தானாக வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் முறையில் இருந்தது. சாலையோரப் பலகைகளை அதுவே வாசித்து, அதற்கேற்ப ஓடும். கடைசியாக அது வாசித்த பலகை, இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால் இருந்த 70. அதன் கணக்கில் எங்கள் பள்ளி வாசலும் 70தான். வளைவில் திரும்பி அதே வேகத்தில் வந்தது. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் அப்போதுதான் தன் தந்தையின் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். தம்பி பிரேக்கை மிதித்தான். சக்கரங்கள் அலறின. கார் நின்ற இடத்துக்கும் பையனுக்கும் இடையில் ஒரு வகுப்பறையின் நீளம் இருந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன் என்னைப் பார்த்து, "வணக்கம் ஆசிரியர்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். எனக்குத்தான் வெகுநேரம் கை நடுங்கியது. இந்தக் கட்டுரை அந்த நடுக்கத்திலிருந்து தொடங்கியது.

*

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே, கோலகங்சார் போகும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால்மரம் என்னும் ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. அப்பா 31 ஆண்டுகள் தோட்டத்திலிருந்து ஆலைக்குக் குலை லாரி ஓட்டியவர். தம்பி கோலாலம்பூரில் கணினித் துறையில் இருக்கிறான். அப்பாவுக்குக் கண் மருத்துவம் பார்க்க அழைத்துப் போயிருந்தவன், அந்த வியாழக்கிழமைதான் அவரைத் திரும்ப அழைத்துவந்தான்.

அப்பயணத்தில் நடந்ததை அப்பா சொல்லிக் கேட்டேன், பிறகு தம்பியும் சொன்னான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா தாண்டி வரும்போது காரின் திரையில் 110 என்று இருந்தது. நெடுஞ்சாலைக்கு உரிய வேகம் அதுதான். இடப்பக்கத் தடத்தில் முன்னே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதை நெருங்கியதும் திரையில் இருந்த 110 மறைந்து 80 வந்தது. கார் வேகத்தை இழக்கத் தொடங்கியது. தம்பிக்கு முதலில் புரியவில்லை. சாலையோரத்தில் பலகையே இல்லை. அப்பா சிரிக்காமல் சொன்னாராம்: "அது லாரிக்கு உள்ள எண், தம்பி. உன் காருக்கு இல்லை."

நம் நாட்டு லாரிகளின் பின்புறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 80 அல்லது 90 என்று எழுதிய சிறிய வட்டம் ஒன்று அங்கே ஒட்டப்பட்டிருக்கும். அந்த வாகனம் அதற்கு மேல் ஓடக் கூடாது என்பது பொருள். சாலையோரப் பலகையைப் போலவே சிவப்பு விளிம்பு, அதே கறுப்பு எண். அப்பா தன் லாரியில் அப்படிப்பட்ட ஒட்டியைத் தன் கையாலேயே ஒட்டியிருக்கிறார். வெயிலில் வெளுத்துப்போனால் மாற்றுவார். அது லாரிக்காரர் உலகத்துக்குச் சொல்லிக்கொள்கிற வாக்கு: நான் இவ்வளவுதான் ஓடுவேன். காரின் கேமரா அந்த வாக்கை எடுத்துத் தனக்கு இடப்பட்ட கட்டளையாக மாற்றிக்கொண்டது.

லாரியைக் கடந்துவிட்ட பிறகும் 80 மாறவில்லை. அடுத்த பலகை வரும்வரை அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு ஓடியது. பின்னால் வந்த வாகனங்கள் விளக்கை அடித்தன. 110இல் ஓடும் சாலையில் காரணமில்லாமல் ஒரு கார் மட்டும் 80க்கு இறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை அப்பாவைப் போல வாழ்நாளெல்லாம் சாலையில் கழித்தவர்கள் நன்றாக அறிவார்கள்.

கார் எண்ணைத் தவறாகப் படிக்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 80 என்று எழுதியிருந்ததை 80 என்றே படித்தது. தூரம், வேகம், வெளிச்சம் எல்லாவற்றையும் மீறி மிகச் சரியாகப் படித்தது. அந்த எண் யாருக்கு என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

*

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தம்பியை உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். நான் கணினிப் பொறியாளர் இல்லை. ஆனால் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பது என் தொழில். வாசிப்பு என்றால் என்ன என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் இன்று கடையில் வாங்கக் கூடிய எந்தக் காரும் முழுமையாகத் தானே ஓடும் கார் அல்ல. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் தானோட்டத்தை ஆறு படிகளாக வகுத்தது. பூஜ்யத்தில் தொடங்கி ஐந்தில் முடியும். இரண்டாம் படியில் கார் தானே வேகத்தைக் கூட்டும், குறைக்கும், தடத்துக்குள் திருப்பும். ஆனால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது மனிதர், பொறுப்பும் அவருடையது. தம்பியின் கார் அந்தப் படியில் இருக்கிறது. விளம்பரங்களைப் பார்க்கிறவர்களின் மனத்திலோ அது எப்போதோ ஐந்தாம் படிக்கு ஏறிவிட்டது.

காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால், நடுவில் இருக்கும் கேமராதான் பலகையைப் பார்க்கிறது. வட்டமா, சதுரமா, சிவப்பு விளிம்பு உண்டா என்று முதலில் வடிவத்தைத் தேடும். கிடைத்ததும் உள்ளே இருக்கும் எண்ணைப் பிரித்தறியும். இந்த வேலை புதிதல்ல. 2008இலேயே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த சில கார்கள் வேகப் பலகைகளைப் படித்து ஓட்டுநருக்குக் காட்டின. 2011இல் ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் ஒரு போட்டி வைத்தார்கள். ஜெர்மானியச் சாலைகளில் எடுத்த 50,000க்கும் மேற்பட்ட படங்கள், 43 வகைப் பலகைகள். வென்ற கணினி நூற்றுக்கு 99.46 சரியாகச் சொன்னது. அதே படங்களைப் பார்த்த மனிதர்கள் சராசரியாக 98.84.

மனிதரைவிட இயந்திரம் நன்றாகப் படிக்கிறது என்று அன்று எழுதினார்கள். அந்தத் தேர்வைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அது எப்படிப்பட்ட தேர்வு? ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு பலகை, அதுவும் அளவாக வெட்டி எடுத்து நடுவில் வைக்கப்பட்டது. இது என்ன பலகை என்பது மட்டுமே கேள்வி. என் வகுப்பில் எழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டி, இது என்ன எழுத்து என்று கேட்பது போன்றது அது. அட்டையில் எல்லா எழுத்தையும் சரியாகச் சொல்லிவிடுகிற பிள்ளை, வாக்கியத்தைக் கொடுத்தால் திகைத்து நிற்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். எழுத்தறிவது ஒன்று, யார் யாரிடம் எதற்காகச் சொல்கிறார் என்று அறிவது வேறு. சாலையில் ஓர் எண் யாருக்கு, எங்கிருந்து, எதுவரை, எந்த நேரத்தில் என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

தம்பி இன்னொன்றும் சொன்னான். நெடுஞ்சாலையிலிருந்து கிளை பிரியும் இடங்களில், வெளியேறுகிறவர்களுக்காக 60 அல்லது 40 என்று வைத்திருப்பார்கள். நேராகப் போகிற காரின் கேமராவும் அதைப் பார்த்துவிடும். சில வேளைகளில் சரியாக ஒதுக்கிவிடும், சில வேளைகளில் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். ஒரே இடத்தில் இரண்டு முறை போனால் இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்றான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே அச்சம் வந்தது. எப்போதும் தவறுகிற ஒன்றைப் பற்றி மனிதர் எச்சரிக்கையாக இருப்பார். பெரும்பாலும் சரியாக இருந்துவிட்டு எப்போதாவது தவறுகிற ஒன்றின் முன்னால் கண் தானாக மூடிக்கொள்கிறது.

*

இந்த மென்பொருள்களில் பல எந்தச் சாலைகளுக்காக வளர்ந்தன என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், ஓட்டுநருக்கு வேக வரம்பை உணர்த்தும் கருவியை 2022 ஜூலையில் புதிய மாதிரிகளுக்கும், 2024 ஜூலையில் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் விரும்பினால் அதை மீறி மிதிக்கலாம், ஆனால் கருவி இருந்தே ஆக வேண்டும். நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது ஐரோப்பியச் சாலைகளுக்கான சட்டம்.

நம் பலகைகளோ இரண்டு மரபுகளின் கலவை. வேக வரம்புக்கு ஐரோப்பியரைப் போலச் சிவப்பு வட்டம் வைத்திருக்கிறோம். எச்சரிக்கைக்கு ஜெர்மனியில் சிவப்பு விளிம்பிட்ட முக்கோணம் என்றால், இங்கே அமெரிக்கரைப் போல மஞ்சள் சாய்சதுரம். அதற்கு மேல் மலாய்ச் சொற்கள் இருக்கின்றன. "குராங்கான் லாஜு" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் இங்கே பிறந்த எந்த ஓட்டுநரின் காலும் மிதியிலிருந்து சற்று எழும். வேகத்தைக் குறை என்பது பொருள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அதில் எண் கிடையாது. வளைவைப் பார்த்து, மழையைப் பார்த்து, முன்னே போகும் வண்டியைப் பார்த்து ஓட்டுநர் தாமே முடிவுசெய்வார். வட்டத்துக்குள் எண் தேடும் கேமராவுக்கு அது வெறும் எழுத்து. தோட்டத்துக்குள் போனால் நிலை இன்னும் வேறு. அங்கே நிர்வாகமே தகரத்தில் சாயத்தால் எழுதி வைத்த பலகைகள் இருக்கின்றன. வட்டம் முட்டை வடிவில் இருக்கும், 20இல் இருக்கும் 2 அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்திருக்கும். எழுதியவரின் கை அதில் தெரியும். எனக்கு அவை அழகாகவே படுகின்றன.

விழாக்காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1989 பிப்ரவரி 1 முதல் நாட்டில் பொது வேக வரம்பு நடைமுறையில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் 110, கூட்டரசுச் சாலையிலும் மாநிலச் சாலையிலும் 90, நகருக்குள் 60. வேறு பலகை இல்லாத இடத்தில் இதுவே சட்டம். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு போன்ற காலங்களில், ஊர் திரும்பும் கூட்டத்தை மனத்தில் வைத்து, 90 இருக்கும் சாலைகளில் அதை 80ஆகக் குறைப்பது வழக்கம். அறிவிப்பு செய்தித்தாளில் வரும், வானொலியில் சொல்வார்கள். சாலையோரத்தில் நிற்கும் பலகைகள் பழையபடி 90 என்றே நிற்கும். தேநீர்க்கடையில் செய்தித்தாள் படித்த அப்பாவுக்கு அந்த வாரம் வரம்பு 80 என்று தெரிந்திருந்தது. செமோர் வழியாக ஊருக்கு வரும்போது கார் 90 என்று காட்டியது. "செய்தியைக் கேட்காமல் எப்படித் தம்பி வண்டி ஓட்டுவது?" என்று அப்பா கேட்டாராம். அவர் அதைக் காரிடம்தான் கேட்டார் என்று தம்பி சொன்னான்.

*

பலகை கெட்டிருந்தால் கணினி எப்படி ஏமாறும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சோதனைகளைப் படித்தேன். 2018இல் வெளியான பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், நிறுத்தப் பலகையின் மேல் கறுப்பும் வெள்ளையுமாகச் சில துண்டு ஒட்டிகளை ஒட்டினார்கள். ஆய்வாளர்கள் பயிற்றுவித்த கணினி அதை 45 வேக வரம்பு என்று படித்தது. 2020இல் மெக்காஃபி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 35 என்ற பலகையில் 3இன் நடுக்கோட்டைக் கறுப்பு நாடாவால் சற்று நீட்டினார்கள். 2016ஆம் ஆண்டு டெஸ்லா கார் அதை 85 என்று படித்து வேகத்தைக் கூட்டத் தொடங்கியது. அது முதல் தலைமுறைக் கேமரா, பிறகு வந்தவை மேம்பட்டவை. ஆனாலும் இவற்றைப் படித்தபோது என் மனத்தில் வந்து நின்றவை எங்கள் சாலையோரக் கம்பங்கள்தாம்.

இங்கே கணினியை ஏமாற்ற ஆய்வாளர் யாரும் வர வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவர்கள், ஆலோங் என்று நாம் சொல்கிறவர்கள், கண்ட பலகையிலெல்லாம் தொலைபேசி எண்ணோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். ஓர் ஒட்டியைக் கிழித்தால் அடியில் இன்னொன்று இருக்கிறது. அவசரமாகப் பணம் தேவைப்படும் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

விடுமுறை முடிவதற்குள் நானும் தம்பியும் ஒரு காரியம் செய்தோம். அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பட்டணத்து எல்லையிலிருந்து எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வரை, போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு வேகப் பலகையிலும் நின்றோம். அவன் படம் எடுத்தான், நான் எழுதிக்கொண்டேன். மாணவர் நோட்டுப் புத்தகம் ஒன்றில் அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது.

முதல் பலகை நன்றாக இருந்தது. பட்டணத்தை விட்டு வெளியேறும் இடத்தில் 70, புதிதாகவே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை தம்பியின் கார் படித்தது அதைத்தான். அடுத்ததைக் காணோம், கம்பம் மட்டும் நின்றது. தகரத்தைப் பழைய இரும்புக்கு யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும். மூன்றாவது ஒரு பெரிய மழைமரத்தின் நிழலில் இருந்தது. பாசி படர்ந்து வெள்ளை பச்சையாகிவிட்டது. விரலால் தேய்த்துப் பார்த்தோம், அடியில் 60. அதற்கு அப்பால் ஒன்றில் ஒட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. பூஜ்யம் மட்டும் தெரிந்தது, அதற்கு முன்னால் என்ன எண் இருந்தது என்று எங்களாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வளைவுக்கு முன்னால் இருந்ததை முக்குனாக் கொடி முழுவதுமாக மூடியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த கொடி அது. செம்பனை நட்ட இடங்களில் மண்ணைக் காக்கவும் களையை அடக்கவும் தோட்டங்கள் இட்டு வளர்க்கின்றன. எது நின்றாலும் அதன் மேல் ஏறிவிடும். தம்பி இலைகளை விலக்கினான். உள்ளே மஞ்சள் சாய்சதுரம், பிள்ளைகள் இருவர் கைபிடித்து ஓடும் படம். பள்ளி வருகிறது என்ற எச்சரிக்கை.

அதற்கு அடுத்ததுதான் எங்கள் 30, செம்பனையைப் பார்த்துக்கொண்டு.

ஒரே ஒரு பலகைதான் கெட்டுப்போயிருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று சாலையின் நடுவில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றபோது வேறு ஒன்று தெரிந்தது. முதல் 70க்குப் பிறகு அந்தச் சாலை ஊமையாகவே இருந்திருக்கிறது. எத்தனை ஆண்டுகளாக என்று தெரியாது. எங்களுக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை, அதனால் நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் கேட்காததால் யாரும் வந்து பார்க்கவில்லை. தம்பியின் காரை நான் ஒரு வாரம் திட்டினேன். ஆனால் அந்தக் கார் செய்தது, எழுதியிருப்பதைப் படித்ததும் எழுதாததைப் படிக்காமல் விட்டதும்தான். பிரச்சினை அதன் கண்ணில் பாதி, எங்கள் சாலையில் பாதி.

பெரும்பாலான கார்கள் கேமராவை மட்டும் நம்புவதில்லை, வரைபடத்தையும் சேர்த்துப் பார்க்கும் என்று தம்பி விளக்கினான். சாலையின் ஒவ்வொரு துண்டுக்கும் வேக வரம்பு குறித்த வரைபடம் இருந்தால், லாரியின் முதுகில் இருக்கும் 80ஐ அது சந்தேகப்படும். பலகை திரும்பியிருந்தாலும் பள்ளி இருப்பதை அறியும். சரி, எங்கள் சாலைக்கு என்ன இருக்கிறது என்று காரின் வரைபடத்தைத் திறந்து பார்த்தோம். பட்டணம் வரை எல்லாம் இருந்தது. தோட்டப் பக்கம் திரும்பியதும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. பள்ளி இருக்கும் இடத்தில் வெறும் பச்சை.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர் நாட்டின் வரலாற்றில் இல்லாத ஊர் அல்ல. 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1919இல் இங்கே பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்தபோது, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்திலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். பால்மரத்தில் தொடங்கி செம்பனை வரை இந்த நாட்டின் செல்வம் இந்த மண்சாலைகள் வழியாகத்தான் வெளியே போனது. அப்படிப்பட்ட சாலை ஒரு காரின் வரைபடத்தில் பெயரில்லாத கோடு.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடம் ஒன்று இருக்கிறது. 2004இல் பிரிட்டனில் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் தம் ஊரைச் சேர்க்கலாம். தம்பி கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தான். நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை அன்றிரவே இருவரும் ஏற்றினோம். சாலையின் பெயர், எங்கள் கண்ணால் உறுதிசெய்ய முடிந்த வேக வரம்புகள், பள்ளி, கோயில், வேகத்தடைகள். தம்பியின் கார் அந்த வரைபடத்தைப் பயன்படுத்துகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். இருந்தாலும் ஏற்றினோம். பள்ளியின் பெயரைத் தமிழிலும் எழுதினேன்.

*

பலகை பற்றிப் பொறுப்பான அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் மறுபடியும் எழுதினோம், இம்முறை படங்களையும் இணைத்து. கொடியை வெட்டுவதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லை என்று அப்பா சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு போய் அந்த மஞ்சள் பலகையைச் சுத்தமாக வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை போகிறார். கொடி அவ்வளவு வேகமாக வளர்கிறது.

சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நம் ஊரில் அப்படிப்பட்ட கார் எத்தனை இருக்கிறது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இன்று இந்தச் சாலையில் ஓடும் அத்தகைய கார்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம், அவையும் விடுமுறைக்கு வருபவை. ஆனால் இந்த நாட்டில் 2023இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 6,443 பேர். பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வருவது அப்பாவின் மோட்டார் சைக்கிளில், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர். விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள்தாம். இங்கே பிறந்து, நகரத்துக்குப் போய், சாலையை மறந்துவிட்டவர்கள். தம்பி இந்தப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவன். அவனுக்கே அந்த வளைவு மறந்துவிட்டது, காரை நம்பினான். நாளைக்கு மற்றவர்களின் பிள்ளைகளும் அப்படித்தான் வருவார்கள். இதைக் கூட்டத்தில் சொன்னேன். எனக்குத் தொண்டை அடைத்தது. கேள்வி கேட்டவரே இரண்டாவது கடிதத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார்.

பள்ளிப் பகுதியில் காரைத் தன் போக்கில் விட மாட்டேன் என்று தம்பி எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். தானாக வேகம் பார்க்கும் முறையைப் பட்டணத்து எல்லையிலேயே நிறுத்திவிடுகிறான். பலகை வாசிப்பு மட்டும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அது என்ன சொல்கிறது என்று பார்க்கிறோமே தவிர, அதன்படி ஓட்டுவதில்லை. இப்போதைக்கு இப்படி வைத்துக்கொள்வதுதான் சரி என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் காலை பள்ளிக்கு வந்தபோது புதிய கம்பம் நின்றது. புதிய தகரம், புதிய 30. பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் எப்போது வந்து நட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மற்ற பலகைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தீபாவளிக்குத் தம்பி வந்தான். ஈப்போவில் துணியும் பலகாரச் சாமான்களும் வாங்கிக்கொண்டு நாங்கள் மூவரும் திரும்பும்போது இரவு பதினொன்றாகிவிட்டது. பின்னிருக்கையில் முறுக்கு மாவு, புதுத்துணி, நான். தோட்டச் சாலைக்குள் திரும்பினோம். எங்களுக்குப் பின்னால் ஆலையிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. திரை 70இலேயே நின்றது. பாசி பிடித்த பலகையையும் ஒட்டிகள் மூடியதையும் கடந்தோம், அது மாறவில்லை. வளைவில் தம்பி வேகத்தைக் குறைத்தான். விளக்கு வெளிச்சத்தில் புதிய பலகை பளிச்சென்று தெரிந்தது. திரையில் 30 வந்தது.

பள்ளி இருட்டில் கிடந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. பலகையின் கீழே நேரம் எதுவும் எழுதப்படவில்லை. தம்பி 30க்கு இறங்கினான். பின்னால் வந்த லாரி நெருங்கி விளக்கை அடித்தது, ஒரு முறை ஹாரனும் அடித்தது. அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். இடக்கையை முழுவதுமாக வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெதுவாக இரண்டு முறை காற்றைத் தட்டினார். லாரி விளக்கைத் தணித்துக்கொண்டு பின்தங்கியது.